ஒதுக்குப்புறத் தளங்களும் ஓய்வுநேரத் தொழிலாளரும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில், கட்டுகஸ்தோட்டையையும் அம்பதென்னையையும் கடந்து ஏறத்தாழ ஆறு கட்டை தொலைவில், மழை சற்றுக் கடுத்தாலே பிங்கா ஓயாவின் வெள்ளம் வாசற்படியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும் அக்குறணைக் கடைத்தெருவிலே, கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் சிறு கடையொன்றின் உரிமையாளர் தம் மேசை இழுப்பறையை ஒருநாள் எனக்குத் திறந்து காட்டினார். பொத்தான் தேய்ந்த நொக்கியாக்கள் ஏழெட்டு, துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த பிளாக்பெரி இரண்டு, கண்ணாடி வெடித்த லூமியா ஒன்று, பெயர் அழிந்துபோன சீனத்துப் போன்கள் சில. அவற்றிற் பலவற்றுக்கு இன்னும் உயிர் இருந்தது; மின்னேற்றினால் விளக்கு எரிந்தது. ஆயினும் அவை செல்லாக் காசுகள். அவற்றை இயக்கிய மென்பொருட் சாம்ராஜ்யங்கள் ஒவ்வொன்றாய் முடிதுறந்துவிட்டபடியால், புதிதாக எதனையும் அவற்றில் ஏற்றவும் இயலாது, ஏற்றியிருந்தவற்றிற் பலவற்றைப் பிரயோகிக்கவும் இயலாது.

இந்தச் செல்லாக் காசுகளுக்காகவும் இராக்காலங்களிற் கண்விழித்து நிரல் எழுதிய மனிதர்கள் உலகெங்கும் இருந்தார்கள். நம் நாட்டிலும் இருந்தார்கள். பகலில் வேறோர் உத்தியோகம் பார்த்து, இராச் சாப்பாட்டுக்குப் பின் கணினியின் முன் அமர்ந்து, எந்த நிறுவனத்தின் கட்டளையுமின்றி, பெரும்பாலும் ஊதியமுமின்றி, அதிகம் பேர் பயன்படுத்தாத இயங்குதளமொன்றுக்காகச் செயலி செய்வது ஒருவகைப் பித்து என்றே வியாபார புத்தியுடையோர் கருதுவர். எங்கள் ஊரோ வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். ஆகவே இந்தக் கேள்வி இங்கு அடிக்கடி நேருக்கு நேராகவே கேட்கப்படுகிறது: வாங்குவோர் இல்லாத சந்தையில் எதற்காகக் கடை விரிக்கிறாய்? இவ்விஷயத்தை அவசரமின்றி ஆராய்வதே என் நோக்கம். என் அபிப்பிராயத்தை முன்னரே சொல்லிவிடுகிறேன். சிறு தளத்துக்கு உழைத்தவனின் செயலி அழிவது நிச்சயம். ஆனால் அவன் செய்தவற்றுள் தளத்தைச் சாராத பகுதியொன்று எப்போதும் உண்டு, அது தப்பிப் பிழைக்கிறது. அதனை எவ்வளவு பிரித்து வைத்தானோ அவ்வளவுக்கு அவனுடைய பிரயாசையும் பிழைக்கிறது.

ஒரு பழைய உதாரணத்தைக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1838இல் கண்டியிற் பிறந்து வழக்கறிஞராய்த் தொழில் நடத்திய அறிஞர் சித்திலெப்பை, 1882இல் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலையும் வெளியிட்டார். நீதிமன்றம் அவருடைய ஜீவனோபாயம். அச்சுக்கூடம் அவருடைய ஓய்வுநேரம். அக்காலத்து இலங்கையில், மலைநாட்டில், தமிழ் வாசிக்கும் முஸ்லிம்கள் என்ற வாசகர் கூட்டத்தைவிடச் சிறிய சந்தை ஒன்றை ஒரு பத்திரிகையாளன் தேடிப் பிடிப்பது கடினம். அவருக்கு முன்னரே நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, தமிழுக்கு வேண்டிய ஒலிகளுக்காகச் சில அரபு எழுத்துக்களின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி, அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையை உருவாக்கியிருந்தனர். கையிலுள்ள எழுத்தைக் கொண்டு தங்கள் மொழியை எழுதிக்கொண்ட அந்த உபாயத்துக்கும், ஒரு நூற்றாண்டின் பின் நொக்கியாவின் ஆங்கிலப் பொத்தான்களால் ‘எப்ப வாறீங்க’ என்பதை ரோமன் எழுத்தில் அனுப்பிய எங்கள் பிள்ளைகளின் உபாயத்துக்கும் அடிப்படையில் பேதமில்லை.

ஏனெனில் தமிழனுக்கு நெடுங்காலம் எல்லாத் தளமும் ஒதுக்குப்புறத் தளமாகவே இருந்தது. தெற்காசியாவில் கைத்தொலைபேசிச் சேவை முதன்முதலாகத் தொடங்கியது இலங்கையிலேயே, 1989இல், செல்டெல் நிறுவனத்தால் என்று நாம் பெருமைப்படலாம். ஆயினும் அந்தத் தொலைபேசிகளில் தமிழ் எழுத்து வந்துசேர ஒன்றரைத் தசாப்தத்துக்கு மேலாயிற்று. வந்தபோதும் அது பெரு நிறுவனங்களின் தயவால் மாத்திரம் வரவில்லை. மலேசியப் பொறியியலாளர் முத்து நெடுமாறன், 1980களின் நடுப்பகுதியிலேயே ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கியவர், ஜாவா இயங்கும் சாதாரணத் தொலைபேசிகளில் தமிழிற் குறுஞ்செய்தி எழுத உதவும் ‘செல்லினம்’ என்பதை உருவாக்கினார். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அது வெளியாயிற்று. இன்று ஐபோனிலும் அண்ட்ரொய்டிலும் அப்பெயரைக் காண்பவர்கள், அது பிறந்தது மிகச் சிறிய திரையும் மிகச் சிறிய நினைவகமும் உடைய, இப்போது அருங்காட்சியகத்துக்கே உரிய கருவிகளில் என்பதை அறியமாட்டார்கள். அந்த ஜாவாப் பதிப்பு இன்று எவர் கையிலும் இயங்குவதாகத் தெரியவில்லை. ஆனால், சில பொத்தான்களைக்கொண்டு இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களையும் எழுதுவது எப்படி என்று அதற்காகச் சிந்திக்கப்பட்ட சிந்தனை மறையவில்லை.

தமிழ்க் குறுஞ்செய்தியின் சங்கடத்தை உணர வேண்டுமாயின் எங்கள் ஊர்ப் பெயரையே எண்ணிப் பார்க்கலாம். அ, க், கு, ற, ணை என அக்குறணை நமக்கு ஐந்தெழுத்து. யுனிகோட் என்னும் உலகக் குறிமுறையிலோ புள்ளியும் உகரக் குறியும் ஐகாரக் குறியும் தனித்தனியே கணக்கிடப்படுவதால் அது எட்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துக்கள் இடம்பெறும். யுனிகோடில் எழுதினாலோ 70 அலகுகள் மாத்திரமே. ஆகவே தாய்மொழியில் ஸலாம் சொல்லி நலம் விசாரிப்பவன், அதே செய்தியை ரோமன் எழுத்தில் அனுப்புபவனைவிட இருமடங்குக்கு மேல் பணம் செலவிட வேண்டியிருந்தது. மொழிப்பற்றை அளக்க இதைவிட நேரடியான அளவுகோல் ஒன்றை நான் கண்டதில்லை. பெரும்பாலோர் ரோமன் எழுத்துக்குப் போனதற்காக அவர்களைக் குறைகூறவும் என்னால் இயலாது.

வாசிப்பதிலும் இதே கதை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்ச் செய்தித் தளமொன்றைச் சாதாரணத் தொலைபேசியில் திறந்தால் பெட்டி பெட்டியாகவே தெரியும். அப்போது வாய்மொழியாகப் பரவிய இரகசியம் ஒன்று உண்டு. நோர்வே நாட்டார் செய்த ஓபரா மினி என்னும் உலாவியை இறக்கிக்கொண்டு, முகவரிக் கட்டத்தில் ‘ஓபரா, முக்காற்புள்ளி, கொன்பிக்’ என்று ஆங்கிலத்திற் தட்டினால் மறைந்திருந்த ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் அடியில், சிக்கலான எழுத்து முறைகளுக்கு எழுத்துருவுக்குப் பதிலாகப் படத்தைப் பயன்படுத்துக என்னும் பொருள்படும் ஒரு வரி இருக்கும். அதில் ஆம் என்று மாற்றிச் சேமித்தால், தமிழ் எழுத்துக்கள் எங்கோ தூரத்துச் சேவகக் கணினியிற் படமாக வரையப்பட்டு நம் திரைக்கு வந்து சேரும். கட்டுகஸ்தோட்டைக்கும் அலவத்துகொடைக்கும் இடையில் பஸ்ஸில் அருகருகே அமர்ந்த இருவர் இந்த வித்தையைப் பரிமாறிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். மந்திரோபதேசம்போலக் காதோடு காதாகவே அது நிகழ்ந்தது.

இனி எங்கள் ஊரின் பிரத்தியேக விஷயத்துக்கு வருகிறேன். முஸ்லிம் ஊரொன்றில் தொலைபேசியிடம் மக்கள் முதலில் எதிர்பார்ப்பது தொழுகை நேரம். அக்குறணை மலைகளுக்கிடையே கிடக்கும் பள்ளத்தாக்கு; சூரியன் அடிவானத்துக்குப் போகுமுன்னரே மலைக்குப் பின்னால் மறைந்துவிடுவதால், கண்ணால் பார்த்து மஃரிப் என்னும் அந்தித் தொழுகையின் நேரத்தை நிச்சயிக்க இயலாது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் அட்டவணையும், பள்ளிவாசற் சுவரிலுள்ள நாட்காட்டியும், றமழானில் வானொலி முஸ்லிம் சேவையின் பாங்கொலியுமே பிரமாணம். உலகச் சந்தையில் கிடைத்த தொழுகைநேரச் செயலிகள் பல வேறு தேசத்தாரால் தத்தம் தேவைக்காகச் செய்யப்பட்டவை. அவை எங்களூருக்கு வந்தபோது செய்த குளறுபடிகளை விவரிப்பதே ஓய்வுநேரத் தொழிலாளனின் அவசியத்தை நிரூபிக்கப் போதுமானது.

முதலாவது, அஸர் என்னும் பிற்பகல் தொழுகை. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர், அதாவது அந்தச் சட்டமரபைப் பின்பற்றுவோர். நண்பகல் நிழலை நீக்கி ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமாகும்போது எங்களுக்கு அஸர் தொடங்குகிறது. ஹனபீ மத்ஹபிலோ அந்நிழல் இருமடங்காக வேண்டும். செயலி ஹனபீ முறையில் அமைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிந்திவிடும். அமைப்பை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள்; அமைப்பு ஆங்கிலத்திலோ அரபியிலோ மூன்று படிகளுக்கு உள்ளே இருந்தது, பயன்படுத்துபவரோ ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒரு மூத்தாப்பா.

இரண்டாவது, நாட்டின் நேரமே மாறிய விநோதம். 1996 மே மாதத்தில், மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு, இலங்கை தன் கடிகாரத்தை கிரீனிச்சுக்கு ஆறரை மணி முன்னாக நகர்த்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரல் 15இல் பழைய ஐந்தரைக்கே மீண்டது. அதற்கு முன் தயாரான தொலைபேசிகளின் வயிற்றுக்குள் ‘கொழும்பு, ஆறு மணி’ என்றே எழுதியிருந்தது. தொலைபேசியின் நேரவலயத்தை நம்பிக் கணக்கிட்ட செயலிகள், புதிய ஆணையின் மறுநாள் தொடங்கி ஐந்து வேளையையும் அரைமணி பிந்திக் காட்டின. ஊரார் கண்ட பரிகாரம், அமைப்பில் கொழும்பை நீக்கிவிட்டுச் சென்னையையோ புதுடில்லியையோ தெரிவு செய்வது. தாயகத்தைப் பெயர்த்துக்கொண்டால்தான் தொழுகை நேரம் சரிவரும் என்ற நிலை சில காலம் இருந்தது.

மூன்றாவது, பூகோளம். நம் நியம நேரம் 82½ பாகை நெடுங்கோட்டுக்கு உரியது, கண்டியோ 80.6 பாகை அளவிலிருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், இங்கு சராசரியாகச் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணி ஏழரை நிமிடத்தளவில். அதனோடு பூமியின் ஓட்டத்தால் விளையும் ஏற்ற இறக்கமும் சேர்வதால், நவம்பர் தொடக்கத்தில் 11.51க்கும் பெப்ரவரி நடுவில் 12.21க்கும் இடையே நண்பகல் ஊசலாடுகிறது. கொழும்புக்கும் கண்டிக்கும் மூன்று நிமிட பேதம். அமைப்பிற் கொழும்பைத் தவிர வேறோர் இலங்கை நகரம் இல்லாத செயலி இந்த மூன்று நிமிடத்தை விழுங்கிவிடும். உலகச் சந்தைக்கு மூன்று நிமிடம் ஒரு பொருட்டல்ல. நோன்பு திறக்கக் காத்திருப்பவனுக்கோ அது பொருட்டு.

இக்குறைகளைக் கண்டு சலித்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கண்டி நகரில் கணக்கெழுதும் உத்தியோகத்தவர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், ஜாவாத் தொலைபேசிகளுக்காகத் தாமே ஒரு செயலி எழுதப் புகுந்தார். அவர் பட்ட பாட்டை எனக்கு வரைந்தே காட்டினார். தொழுகை நேரத்தைக் கணிக்கத் திரிகோண கணிதம் வேண்டும். சிறு கருவிகளுக்கான ஜாவாவின் முதற்பதிப்பில் தசம எண்ணே கிடையாது. அடுத்த பதிப்பில் தசம எண் வந்தது, சைனும் கோசைனும் வந்தன. அவற்றின் நேர்மாறு சார்புகள் வரவில்லை. கோணத்திலிருந்து நிழலுக்குப் போகலாம், நிழலிலிருந்து கோணத்துக்குத் திரும்பி வர இயலாது. நேர்மாறைத் தாமே தொடர் கொண்டு கணிக்க முயன்று, இரண்டு மாத இரவுகளைச் செலவிட்டு, கடைசியில் ஒரு சுப்ஹுத் தொழுகைக்குப் பின் வீட்டுக்கு நடந்து வருகையில் அவருக்கு விடை தென்பட்டதாம். கணக்கு எதற்கு? சூரியன் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே பாதையிலேயே வருகிறது. ஆண்டுக்கு 366 நாள், நாளுக்குச் சூரியோதயம் உட்பட ஆறு நேரம், நேரத்துக்கு இரண்டு பைட்; ஆக மொத்தம் 4,392 பைட்டுகள். அக்காலத்து எளிய நொக்கியாக்கள் சிலவற்றில் ஒரு செயலிக்கு 64 கிலோபைட்டுக்கு மேல் இடமில்லை; இந்த அட்டவணை அதிற் பதினான்கில் ஒரு பங்கைக்கூடப் பிடிக்காது. பள்ளிவாசல் நாட்காட்டியை அப்படியே தொலைபேசிக்குள் பெயர்த்துவிட்டார். மீதி இடத்தில் தமிழ் எழுத்துக்களைச் சிறு சிறு படங்களாக வரைந்து அடுக்கினார், தொலைபேசியில் தமிழ் எழுத்துரு இல்லாதபடியால்.

அட்டவணை என்று சொல்லும்போது படித்தவர்கள் சிலர் உதட்டைச் சுழிப்பதுண்டு. சூத்திரம் அழகானது, அட்டவணை அழகற்றது என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலமாக்கள் சரிபார்த்து அங்கீகரித்த நிமிடத்தைச் சூத்திரத்தால் திரும்பவும் கணித்து, அரை நிமிட வித்தியாசத்தில் ஊரைக் குழப்புவதைவிட, இருந்ததை இருந்தபடி எடுத்துக் கொடுப்பது பணிவும் புத்தியும் சேர்ந்த காரியம்.

செயலி செய்தாயிற்று, அதனை மற்றவர் தொலைபேசியில் ஏற்றுவது அடுத்த போராட்டம். ஜாவாச் செயலிகளைப் புளூடூத்தினால் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள முடிந்தது. சிம்பியன் இயங்கிய உயர்ரக நொக்கியாக்களிலோ, 2006ஐ ஒட்டி வந்த பாதுகாப்பு ஏற்பாட்டினால், கையொப்பமிடப்பட்ட செயலியே ஏறும். அக்கையொப்பச் சான்றிதழுக்கும் காலாவதி உண்டு. காலாவதியான செயலியை ஏற்றுவதற்குப் போன் கடைக்காரர்கள் எல்லாரும் அறிந்த தந்திரம், தொலைபேசியின் திகதியைச் சில மாதம் பின்னுக்குத் தள்ளி, ஏற்றிவிட்டு, மீண்டும் சரிசெய்வது. 2010 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, சுன்னத்தான நோன்புடன் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்த எனக்கு, புதிதாக வாங்கிய தொலைபேசி மஃரிபாயிற்று என்று அறிவித்தது. சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது; பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டேன். வெளிச்சம் மாத்திரம் ஏதோ மிகுதியாய்ப் பட்டது; பள்ளிவாசலிலிருந்து பாங்கும் வரவில்லை. பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தால் அதில் நவம்பர் மாதம்! நவம்பரில் இங்கு சூரியன் மறைவது பெப்ரவரியைவிட அரைமணிக்கு மேல் முந்தி. மறுநாள் கடைக்குப் போனேன். “திகதியப் பின்னுக்குப் போட்டாத்தான் சேர் இது ஏறும்; ஏத்திட்டுத் திருப்பிப் போட மறந்துட்டன், மன்னிச்சிக்கோங்க” என்றான் கடைப் பையன். நிரலில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. பிழை, நிரலாளனைச் சந்தேகிப்பதற்கென்று செய்யப்பட்ட ஏற்பாட்டில் இருந்தது.

உலகப் பரப்பில் இத்தளங்களின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்லலாம். எல்லாம் ஒரே கதையின் பாடபேதங்கள். 2011 பெப்ரவரி 11இல் நொக்கியா தன் சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசொப்டுடன் கைகோத்தது. 2014 தொடங்கியபோது சிம்பியனுக்குப் புதிய செயலிகளையும் திருத்தங்களையும் தன் கடையில் ஏற்க மறுத்தது. அதாவது, தன் செயலியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்த மனிதன் அதைத் திருத்திக் கொடுக்கவும் வழியில்லை. 2006இல் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கப்பட்ட நொக்கியாத் தொழிற்சாலையும் 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஹியூலட் பக்கார்ட் நிறுவனம் வெப்-ஓ.எஸ். இயங்கும் பலகைக் கணினியை 2011 யூலையில் விற்பனைக்கு விட்டு, ஏழே வாரத்தில் கைவிட்டது. பிளாக்பெரியின் கதை வேறு சுவையுடையது. தன் புதிய இயங்குதளத்துக்குச் செயலிகள் வேண்டி, 2013 சனவரியில், செயலி ஒன்றுக்கு 100 டொலர் தருவதாக அறிவித்தது. முப்பத்தேழரை மணி நேரத்தில் ஏறத்தாழ 15,000 செயலிகள் குவிந்தன. கூலிக்கு வந்த கூட்டம் கூலி முடிந்ததும் கலைந்தது. 2022 சனவரி 4இல் அத்தளத்தின் சேவைகளும் நின்றன. பெருந்தொகையான செயலிகள் ஒரு தளத்தைக் காப்பாற்றும் என்ற எண்ணம் எவ்வளவு பேதைமை என்பதற்கு இதனினும் மேலான சாட்சியம் வேண்டியதில்லை.

விண்டோஸ் போனில் மாத்திரம் சற்று நின்று போகவேண்டும், அங்கே ஓய்வுநேரத் தொழிலாளனின் புகழும் பலவீனமும் ஒருங்கே புலப்படுகிறபடியால். பிரான்ஸ் நாட்டவரான ரூடி ஹ்யுன் என்னும் தனி மனிதர், இன்ஸ்டகிராம் முதலிய சேவைகள் அத்தளத்தை ஏறெடுத்தும் பாராதிருந்த காலத்தில், அவற்றுக்கான செயலிகளைத் தாமே எழுதினார். 2013இல் அவர் வெளியிட்ட ‘சிக்ஸ்-டாக்’, நிறுவனத்தின் சொந்தச் செயலி வருமுன்னரே வந்து பலராற் பாராட்டப்பட்டது. ஒரு தளத்தின் மானத்தை ஒற்றையாள் தோளில் சுமந்த காட்சி அது. ஆனால் ஸ்னப்சாட்டுக்காக அவர் செய்த செயலி, 2014 இறுதியில், அந்நிறுவனம் பிறர் செயலிகளை ஒப்பாதபடியால் கடையிலிருந்து நீக்கப்பட்டது. ஒதுக்குப்புறத் தளத்தில் நின்று பிறருடைய சேவைக்குச் சன்னல் வைப்பவன் இரு வீட்டுக்காரரின் தயவில் வாழ்கிறான். எங்கள் ஊர்க் கணக்காளரின் அட்டவணைக்கு அந்த அபாயம் இல்லை. சூரியன் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை.

மொஸில்லாவின் பயர்பொக்ஸ் ஓ.எஸ். ஏழைகளுக்கான தளமாகவே பிறந்தது. 2014 ஓகஸ்டில் இந்தியாவில் 1,999 ரூபாவுக்கு வந்த இன்டெக்ஸ் தொலைபேசியில் நினைவகம் வெறும் 128 மெகாபைட். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே மொஸில்லா அம்முயற்சியை நிறுத்திக்கொண்டது. ஆயினும் அதன் மூலநிரல் பொதுவில் இருந்தபடியால், அதிலிருந்து கை ஓ.எஸ். என்பது கிளைத்து, 2017இல் வந்த ஜியோபோன் வழியாகக் கோடிக்கணக்கான இந்தியக் கைகளை அடைந்தது. செத்ததென்று நினைத்த வாழையின் கீழ்க்கன்று இது. கனோனிக்கல் நிறுவனம் 2017 ஏப்ரலில் கைவிட்ட உபுண்டுத் தொலைபேசித் தளத்தைத் தொண்டர்கள் எடுத்து யூபிபோர்ட்ஸ் என்ற பெயரில் நடத்துகிறார்கள். பெபிள் என்னும் கைக்கடிகாரம் 2016இல் நொடித்து விற்கப்பட்டபின், அதன் சேவைகளை ரெபிள் என்ற ஆர்வலர் கூட்டம் தாங்கிக்கொண்டது. 2025 சனவரியில் கூகிள் அதன் மூலநிரலை வெளியிட்டதால் அக்கடிகாரத்துக்கு மறுபிறவியே வாய்த்தது. மூலநிரலைப் பூட்டி வைத்த தளங்களுக்கு இத்தகைய பாக்கியம் கிட்டவில்லை.

பணத்தைப்பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் எங்கள் ஊரார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். உலகச் சந்தையில் பொருள் வைத்தாலும் இலங்கையன் பெட்டிக்குப் பணம் வருவது எளிதன்று. பேபால் வழியாக நாம் பணம் அனுப்பலாம், பெற இயலாது என்பது நெடுங்கால நிலை. அப்பிள் கடையில் இடம் வேண்டுமாயின் ஆண்டுக்கு 99 டொலர். 2022இன் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 20,000 ரூபா; ரூபா சரிந்தபின், மே மாதத்தில், ஏறத்தாழ 36,000. செயலியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, அதைக் கடையில் வைத்திருக்கும் வாடகை மாத்திரம் சில மாதங்களுக்குள் முக்கால் பங்குக்கு மேல் ஏறிற்று. கண்டியில் அறை வாடகை கொடுத்துப் படிக்கும் மாணவனொருவன் அவ்வாண்டு தன் செயலியைக் கடையிலிருந்து எடுத்துவிட்டான் என்றால் அதிற் குற்றம் காண யாரால் முடியும்?

இதனாலேயே நம் நாட்டுக்கே உரிய வேறொரு சிறு தளம் 2010களின் முற்பகுதியில் இளைஞரை ஈர்த்தது. எட்டிசலாட்டின் அப்ஸோன், டயலொக்கின் ஐடியாமார்ட் என்பவை, தனி மனிதரும் குறுஞ்செய்தியாலும், நட்சத்திரக் குறியிட்டு எண் தட்டும் யூ.எஸ்.எஸ்.டி. முறையாலும் இயங்கும் சேவைகளைச் செய்து, வருமானத்தில் பங்குபெற இடமளித்தன. எவ்வளவு பழைய தொலைபேசியாயினும் போதும், இணையம் வேண்டாம், கடனட்டையும் வேண்டாம். பணம் ரூபாவிலேயே வரும். அழகில்லாத தளம்தான். படம் இல்லை, வண்ணம் இல்லை, தமிழ் எழுத்துக்கூட எல்லாத் தொலைபேசியிலும் நம்பிக்கையாகத் தெரியாது. ஆயினும் மாதச் சம்பளம் வாங்காத ஒரு மாணவன் தன் நிரலாற் பெற்ற முதற் பணத்தை உம்மாவின் கையில் வைத்ததை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். எண்ணிக்கையால் அளப்பவருக்கு அது அற்பத் தொகை. சிங்கள எழுத்துக்காக தனிக்க பெரேரா தொடங்கிய ஹெலகுரு விசைப்பலகை நாளடைவில் நாடறிந்த செயலியாக வளர்ந்ததைப் பார்க்கும்போது, இத்தகைய அற்பத் தொடக்கங்களை அலட்சியம் செய்யும் துணிவு எனக்கு வரவில்லை.

எங்கள் கணக்காளரின் செயலி என்னவாயிற்று? ஜாவாத் தொலைபேசிகள் மறைந்தன, அதுவும் பெரும்பாலும் மறைந்தது. ஆனால் அந்த 4,392 பைட்டுகளை அவர் நிரலோடு கலந்துவிடாமல் தனிக் கோப்பாக வைத்திருந்தார். 2013இல் அதனை விண்டோஸ் போனுக்குக் கொண்டுபோனார். அங்கே மூன்று ஆண்டு. பின்னர் அண்ட்ரொய்டுக்கு, ஒரு சனி ஞாயிறில். ஒவ்வொரு முறையும் திரை வரைந்த பகுதி குப்பைக்குப் போயிற்று, அட்டவணை பிரயாணம் செய்தது. இடையில் அட்டவணையில் ஏதோ ஒரு யூன் மாத நிமிடத்தைத் தவறாகத் தட்டியிருந்ததை பாங்கு சொல்லும் ஒரு முஅத்தின் கண்டுபிடித்துச் சொல்ல, அதைத் திருத்தியதும் இந்தப் பிரயாணத்தில் ஒருமுறை நிகழ்ந்தது. பிளாக்பெரியின் பதினையாயிரத்தில் எத்தனை செயலிகளுக்கு ஒரு முஅத்தின் பிழைதிருத்தம் செய்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

என் மூத்த தாத்தா (எங்கள் வழக்கில் தாத்தா என்றால் அக்கா), எண்பதைத் தொடுபவர், புதுத் தொலைபேசியை விரும்புவதில்லை. அவருடைய நொக்கியாவில் சிம் அட்டை இல்லை. பேசுவதற்கன்று, கணக்காளரின் அந்தப் பழைய செயலியில் தொழுகை நேரம் பார்ப்பதற்கே அது தலைமாட்டில் இருக்கிறது. 2024 பெப்ரவரி 29, வியாழக்கிழமை. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் அந்த நாளுக்கு அட்டவணையில் வரி உண்டா என்று பார்க்கும் ஆவலில் அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். “என்னத்துக்குத் தம்பி அதப் போட்டுக் கிண்டுறீங்க, பழுதாகிப் போகும்” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பொத்தானை இருமுறை அழுத்தினேன். சிறு சிறு படங்களால் ஆன அந்தக் கோணல் தமிழில் மஃரிப் என்ற சொல்லும் அதன் எதிரே நேரமும் தெரிந்தன. தாத்தா எழுந்து ஒளூச் செய்யப் போனார். நொக்கியாவை மீண்டும் தலைமாட்டில் வைத்துவிட்டு வாசலுக்கு வருமுன், பிங்கா ஓயாவுக்கு அப்பாலுள்ள பள்ளியிலிருந்து பாங்கு எழுந்தது.